நாலு கண்ணுக்காரி

என் மகள் தக்ஷிகாவுக்கு இரண்டு மணிக்கு ஒபரேசன். ஒன்பது வயதுப் பிள்ளை. இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. வலது கண் தப்புவது பாதிக்குப் பாதிதான் என்று டொக்டர் சொல்லியிருந்தார். பதினொரு மணிக்கு நான் ஆஸ்பத்திரியில் இல்லை. நகரத்தின் நடுவே ஓர் ஓவியக்கூடத்தின் வரிசையில் நின்றேன். "கோயிலுக்குப் போட்டு ஓடி வாறன்" என்று என் கணவர் குகதாசனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். எனக்கு அது பொய்யில்லை.

சிசிலியில் நாங்கள் இருந்த ஊரின் பேராலயத்தில் ஆறு வருடம் தரை துடைத்தவள் நான். மேலே பொன் பூசிய தேவதூதர்கள், கீழே என் வாளி. பக்கப் பீடத்தில் நானூறு வருடப் பழைய படம், புனித லூசியா. பிடுங்கிய தன் கண்கள் இரண்டையும் தட்டில் ஏந்தி நிற்பாள். முகத்திலும் இரண்டு கண் அப்படியே இருக்கும். சுற்றிவரச் சனம் நேர்ந்து தொங்கவிட்ட வெள்ளிக் கண்கள். நம் அம்மனுக்குச் சாத்துகிற அதே கண்மலர்தான். பிள்ளையின் இடது கண் மங்கியபோது, வலதை விட்டுவை, வெள்ளியில் கண் தருகிறேன் என்று சைவக்காரி நான் அவளிடம் நேர்ந்தேன். பிறகு லண்டன், வீடு, ஷிப்ட். மறந்தே போனேன். சீ, நானும் ஒரு தாய்!

போன வாரம் பஸ்ஸின் பக்கவாட்டு விளம்பரத்தில் அவள் முகம். பேராலயத்துப் படங்கள் இந்த ஓவியக்கூடத்துக்கு மூன்று மாதக் கண்காட்சிக்கு வந்திருக்கின்றனவாம். என்னைத் தேடியே வந்துவிட்டாள். அப்டன் பார்க் நகைக்கடையில் வெள்ளிக் கண்மலர் வாங்கினேன். இப்போது அதைக் கையில் பொத்திக்கொண்டு அவள் படத்தை நெருங்கினேன்.

"அக்கா, கயித்துக்கு அங்காலை போகாதேங்கோ. மணி அடிக்கும்."

என் திருநீற்றைப் பார்த்துத்தான் காவலாளி தமிழில் சொல்லியிருக்க வேண்டும். சட்டையில் அருட்பிரகாசம் என்று பெயர்.

"படச் சட்டத்திலை ஒருக்கா வைச்சிட்டு எடுக்கிறன் தம்பி. என்ரை பிள்ளையின்ரை கண்ணுக்கு."

"ஏலாது அக்கா. என்ரை வேலை போயிடும். இது கோயில் இல்லை."

"சாமி வந்திட்டால் கோயில்தானே!"

கத்தியே விட்டேன். நாலு கண் வைத்திருக்கிறவளிடம் ஒரு கண்தானே கேட்கிறேன்? முழங்காலில் விழுந்து அழுதேன். சனம் விலகி நின்றது. அவர் என் உள்ளங்கையில் கிடந்த வெள்ளிக் கண்களைப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறன். கெதியா வைச்சிட்டு எடுங்கோ."

வைத்தேன். மணி அடித்தது. கூடவே என் போனும்.

குகதாசன் அழுதுகொண்டிருந்தார். "எங்கை நிக்கிறாய் சுவர்ணா? முன்னுக்கு இருந்த ஒபரேசன் நிண்டு போச்செண்டு இவளை நேரத்தோடை எடுத்திட்டினம். மயக்கமருந்து குடுக்க முன்னம் அம்மான்ரை முகத்தை ஒருக்காப் பாக்கோணும் எண்டு கெஞ்சினவள். பாத்து ஞாபகத்திலை வைச்சிருக்கோணுமாம். இப்ப கதவைச் சாத்திப்போட்டினம்."

மணி இன்னும் நிற்கவில்லை. என் மகள் கடைசியாகப் பார்க்கக் கேட்ட முகத்தை லூசியா நாலு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தாள்.