மேடு என் பக்கம்

மேடு என் பக்கம்தான் இருந்தது. மேட்டைத் தடவிப் பார்க்காமல் ஒரு படத்தைக்கூட நான் மாட்டியதில்லை. வேலைக்கு வந்த முதல் வருடத்து ஒன்றைத் தவிர. அதையும் நானே போய்ச் சொன்னேன்.

மூன்று நாளாக அவளுக்குள் இதே பேச்சு. பல் எக்ஸ்ரே படம் இரண்டு விரல் அகலம்தான். அதன் மூலையில் கடுகளவு ஒரு மேடு. வாய்க்குள் வைக்கும்போது அது எக்ஸ்ரே குழாயைப் பார்த்திருக்க வேண்டும். கழுவிக் காயவைத்து விளக்குப் பெட்டியில் மாட்டும்போது, பார்ப்பவரை. திருப்பி மாட்டினால் வலது கடைவாய் இடது கடைவாயாகிவிடும். வேறு எதுவும் காட்டிக்கொடுக்காது. பல்லை அடைத்த உலோகம் பளீர் வெள்ளை, பல் சாம்பல், சொத்தையும் சீழும் கறுப்பு. எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படித்தான்.

பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஓர் அம்மாவுக்கு வலது கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேரடியில் கறுப்பு நிழல். வலி இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பழைய அடைப்பு. படம் திரும்பி மாட்டியிருந்ததில் டாக்டர் இடது பக்கத்து நல்ல பல்லைத் துளைத்துவிட்டார். மூன்று நாளைக்கு முன் அந்த அம்மா வலது கன்னம் வீங்கி வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

டாக்டர் இவளுடைய அக்காவின் கணவர். வரவேற்பு மேசையில் அக்கா. படம் கழுவும் இருட்டறையில் இவள்.

கதவை யாரோ தட்டினார்கள்.

"ஏய் கோட்டான், உள்ள வரட்டா?"

"திறந்துடாதக்கா. படம் டெவலப்பர்ல இருக்கு. வெளிச்சம் பட்டா போச்சு."

"உனக்கென்ன, இருட்டுல போய் உக்காந்துக்குற. வெளிய எல்லார்கிட்டயும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறது நான்."

"பல் டாக்டர் பொண்டாட்டி வேற எதைக் காட்டுவா?"

கதவுக்கு அப்பால் அக்கா சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நாலு மணிக்கு வேன்காரம்மா வர்றாங்க. நான்தான் படத்தை மாத்தி மாட்டிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுடி. மாமா மேல நம்பிக்கை போச்சுன்னா யாரு இங்க வருவா? உன்னை யாரு என்ன சொல்லப்போறா. நீ சின்னவ."

"எனக்கு முப்பத்தெட்டு வயசுக்கா."

"என்னைவிடச் சின்னவதானே? அது மாறிடுமா?"

சிவப்பு விளக்கில் படம் தொட்டிக்குள் மெல்லக் கறுத்துக்கொண்டிருந்தது. சின்ன வயதில் அப்பாவின் மூக்குக் கண்ணாடி மேல் உட்கார்ந்து உடைத்தவள் அக்கா. "நான்தான்ப்பா" என்றவள் இவள். அன்றும் இதே 'நீ சின்னவ'தான். அப்பா திட்டவில்லை. ஆனால் அதற்கப்புறம் இவள் நாற்காலியை இழுத்தாலே "பாத்து உக்காரும்மா" என்பார். கடைசிவரை விடவில்லை. இன்றைக்கும் அவள் நாற்காலியை ஒருமுறை கையால் தடவிவிட்டுத்தான் உட்காருகிறாள். செய்யாத ஒன்று உடம்பில் அப்படி ஒட்டிக்கொள்ளும். இனி மேட்டைத் தடவும் இந்தக் கட்டைவிரலும் அப்படியாகிவிடுமா? மேடு தட்டுப்பட்ட பிறகும் அதை நம்ப முடியாமல் போகுமா?

படத்தைக் கொக்கியோடு தூக்கி, தண்ணீரில் அலசி, படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸரில் இறக்கினாள்.

இன்னொன்றும் இருந்தது. அதை அவள் தனக்குத்தானே இரண்டு நாள் சொல்லிக்கொள்ளாமல் இருந்தாள். அன்று எக்ஸ்ரேக்காக வேன்காரம்மா போட்டுக் கழற்றிய ஈயக் கவசத்தை எடுத்து ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தபோது, மாமா தோளில் போனை இடுக்கியபடி படத்தைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பேசிக்கொண்டே திரும்ப மாட்டினார். அவர் விரல் மேட்டைத் தேடவில்லை. அவள் பார்த்தாள். 'மாமா, மேடு' என்ற சொல் தொண்டைவரை வந்தது. அவர் டாக்டர், அவருக்குத் தெரியாதா என்று விழுங்கிவிட்டாள்.

"என்னடி, சரிதானே?"

ஃபிக்ஸரில் இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. இனி வெளிச்சம் பட்டால் ஒன்றும் ஆகாது. அவள் கதவைத் திறந்தாள். அக்காவுக்கு அழுது கண் சிவந்திருந்தது. கதவு மூடியிருந்தவரை குரலில் அது தெரியவில்லை.

"மாமா படத்தைத் திரும்ப மாட்டினப்ப நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்க்கா. வாயைத் திறக்கல. அதுக்கு வேன்காரம்மாகிட்ட நானே மன்னிப்புக் கேக்குறேன்."

"அது போதும்டி. அப்படியே அதோட சேத்து..."

"இல்லக்கா. மாத்தி மாட்டினேன்னு சொல்ல மாட்டேன்."

அக்காவின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு, படத்தோடு ஈரம் சொட்டும் கொக்கியை எடுத்துத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்தாள்.