தலைப்பிள்ளை பிறந்த இடம்

பட்டறைத் துரைக்கு எழுதிய பெட்டிசத்தின் மூன்றாவது வரியைச் சொன்னவன் அழகர். அதற்காகப் பட்டறையில் பலர் அவன் முதுகில் தட்டினார்கள். ஆறாம் வகுப்போடு நின்றவனுக்கு அது பெரிய மரியாதை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதாம் வருஷம் அது. அந்த வருஷம் கொழும்பில் ட்ராமில் ஏறினாலும், முடி வெட்டப் போனாலும் ஒரே பேச்சுத்தான். வெளியாட்கள் வந்து வேலையெல்லாம் பிடித்துக்கொண்டார்கள், அவர்களை அனுப்பினால்தான் இந்த நாட்டுக்காரனுக்கு விடியும் என்ற பேச்சு. அரசாங்கத்தில் நாட்கூலிக்கு இருப்பவர்களில், இலங்கையர் அல்லாத, ஐந்து வருஷம் முடியாத ஆட்களை நிறுத்திக் கப்பலுக்கு இலவச டிக்கட் கொடுக்கப் போகிறார்கள் என்று பத்திரிகையில் வந்தது. மருதானைப் பக்கம் அழகர் வேலை செய்த அரசாங்கப் பட்டறையில் அதை வாசித்தபோது சிலர் கைதட்டினார்கள். அழகரும் தட்டினான்.

அவனுடைய கோபம் மலையாளிகள் மேல். ஒருவன் வந்தால் ஆறு மாதத்தில் மச்சானை வரவழைக்கிறான், மச்சான் தம்பியை வரவழைக்கிறான் என்பான். ஏழு வருஷமாகச் சம்மட்டி தூக்கும் தான் அப்படியே இருக்க, நேற்று வந்த ஒருவன் மிஸின் பக்கத்தில் நிற்பதை அவனால் பொறுக்க முடியவில்லை. ஆனால் அடிமனதில் ஒரு பயமும் இருந்தது. அவன் பேரும் பேச்சும் அந்தப் பக்கத்துப் பேரும் பேச்சும்தான். சிங்களப் பையன்கள் விளையாட்டுக்கு அவனையும் இந்தியாக்காரன் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அதனால் தெளிவாக ஒரு வேலி போட வேண்டும், தான் இந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று நினைத்தான். அப்படிப் பிறந்ததுதான் அந்த மூன்றாவது வரி: "ஆளின் பேரையும் பாஷையையும் பாராமல், அவன் பிறந்த இடம் ஒன்றையே பார்த்து முடிவு செய்ய வேண்டும்."

அதை இங்கிலீஷில் எழுதியவர் பட்டறை அலுவலகமான கந்தோரில் கிளாக்கராக இருந்த வின்சன்ற். யாழ்ப்பாணத்துக்காரர். தினமும் வெள்ளவத்தையிலிருந்து ரயிலில் வருகிறவர். ஹாஷிம் நானாவின் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்துதான் எழுதினார்கள்.

"நல்ல பொயின்ற் அழகர்," என்றார் வின்சன்ற். "நீ லோயரா வந்திருக்க வேண்டிய ஆள்."

"எனக்கு ஒண்ணும் வராதுங்களே ஐயா?"

"நீ எங்க பிறந்தனி?"

"கொட்டாஞ்சேனையிலதாங்க."

"பிறகென்ன? போறது அவங்கள். நீயேன் நடுங்கிறாய்?"

ஹாஷிம் நானா கோப்பையை வைத்துவிட்டுக் கடை வாசலைக் காட்டினார். "நானும் ஒரு வேல செஞ்சீக்கிறேன். பலகையப் பாத்தீங்களா? இலங்கையருக்குச் சொந்தமான கடை. மூணு பாஷையில."

"வடிவா எழுதியிருக்கு. ஆர் எழுதினது?" என்றார் வின்சன்ற்.

"ஒரு மலையாளிதான். அவன மாதிரி கையெழுத்து இங்க ஆருக்கு ஈக்கிது?"

கடையே சிரித்தது. அழகர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

பெட்டிசத்தில் முதல் பெருவிரல் அவன் அண்ணன் முத்துலிங்கத்துடையது. முத்துலிங்கம் சின்ன வயதிலிருந்து துறைமுகத்தில் கரி சுமந்தவன். அந்தக் கரியில்தான் தம்பி பள்ளிக்கூடம் போனான். நாலு வருஷத்துக்கு முன் அழகர்தான் சிபாரிசு சொல்லி அண்ணனைப் பட்டறையில் சேர்த்தான். தை மாதம் அண்ணனுக்குக் கலியாணம். ஒருகொடவத்தையில் பெண் பேசி முடித்தாகிவிட்டது.

"எங்க வைக்கணும்?" என்று கேட்டான் முத்துலிங்கம்.

அழகர் அவன் விரலைப் பிடித்து மையில் தோய்த்து வைத்தான்.

"என்ன எழுதியிருக்கு?"

"வெளியூர்ல இருந்து வந்தவங்க போகணும்னு."

"நல்லதுதான். சாப்பாட்டு நேரத்துல கொழாயடிக் கூட்டம் கொறையும்." முத்துலிங்கம் விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனான்.

மூன்று வாரத்தில் பட்டறை வாசலில் அறிவித்தல் ஒட்டினார்கள். இலங்கையில் பிறந்தோம் என்பவர்கள் மாத முடிவுக்குள் பிறப்புப் பத்திரம் காட்ட வேண்டும். மூன்றாவது வரியைத் துரை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று வின்சன்ற் சொன்னபோது அழகருக்கு நெஞ்சு விரிந்தது. மறுநாள் காலையிலேயே கொட்டாஞ்சேனைப் பதிவுக் கந்தோருக்குப் போனான்.

அவனுடைய பதிவு உடனே கிடைத்தது, நகலை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். தகப்பன் பெயர், தாய் பெயர், குடியிருந்த தோட்டத்தின் பெயர், தேதி, ஆண் குழந்தை. குழந்தையின் பெயருக்கு விட்ட இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அந்தக் காலத்தில் பலருக்கும் அப்படித்தான். முதலில் பிறப்பைச் சொல்லிவிட்டு வருவார்கள், பெயர் வைத்தபின் மறுபடி யாரும் போவதில்லை.

பிறகு அண்ணனுடையதைத் தேடச் சொன்னான். சிங்களக் கிளாக்கர் ஒரு வருஷத்துப் புத்தகத்தைப் பார்த்தார். அதற்கு முந்திய வருஷத்தைப் பார்த்தார். பிந்தியதையும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "நே மல்லி."

இல்லையா? அப்பா பதியாமல் விட்டுவிட்டார் என்று செத்துப்போன மனிதரை மனதுக்குள் திட்டிக்கொண்டே அழகர் வீட்டுக்கு வந்தான்.

வீடு என்றால் தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்பில் ஓர் அறை. நடுவில் முற்றம், சுற்றிலும் பன்னிரண்டு அறை, எல்லோருக்கும் ஒரு குழாய். அம்மா சீனியம்மா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் பொறந்ததை அப்பா பதியலையா?"

"பதியாம விடுவாங்களா? எங்கண்ணன் போயி பதிஞ்சாரு."

"எங்க?"

"மணியக்காரர்கிட்ட."

"கொட்டாஞ்சேனைல ஏது மணியக்காரரு?"

"கொட்டாஞ்சேனைன்னு எவன் சொன்னான்?" சீனியம்மா கீரையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "தலைப்பிள்ளைய இந்தச் சாக்கடை ஓரத்துலயா பெத்தேன்? ஏழாம் மாசம் எங்கய்யா கப்பலேறி வந்து, வளையல் போட்டு, என்னைய கூட்டிட்டுப் போனாரு. தூத்துக்குடி போய்ச் சேர்ற மட்டும் வாந்தி. மொதப் புள்ளைய பொறந்த வீட்டுல பெக்காம வேற எங்க பெப்பாங்க? இந்தத் தோட்டத்துல எத்தன பொம்பளைக்கு அந்தக் குடுப்பினை வாய்ச்சுது, சொல்லு."

அழகர் அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"தொண்ணூறாம் நாள் புள்ளையோட திரும்பிட்டேன். ஒன்னையத்தான் இங்க பெத்தேன், இதே மூலையில." அம்மாவின் குரல் தணிந்தது. அவனுக்கு ஒரு குறை வைத்துவிட்டதற்கு வருத்தப்படுகிறவள்போல் சொன்னாள்: "ரெண்டாவதுக்கு எவரு கப்பல் ஏத்துவாங்க."

படி இருக்கும் என்று நினைத்துக் கால் வைத்த இடத்தில் படி இல்லாததுபோல் இருந்தது அழகருக்கு. முப்பது வருஷத்தில் தொண்ணூறு நாள். பாலைக் குடித்துக்கொண்டு கிடந்த தொண்ணூறு நாள். அவன் சொன்ன மூன்றாவது வரி அந்தத் தொண்ணூறு நாளைத்தான் பார்க்கச் சொல்கிறது. மற்ற எதையும் பார்க்காதே என்கிறது.

சாயங்காலம் முத்துலிங்கம் வந்து குழாயடியில் கால் கழுவினான். அழகர் அங்கேயே போய்க் கேட்டான்.

"ஏண்ணே சொல்லல?"

"என்னத்த?"

"நீ அங்க பொறந்தேன்னு. பெட்டிசத்துல கை வைக்கிறப்ப."

"வெளியூர்ல இருந்து வந்தவங்கன்னுதான நீ சொன்ன?" முத்துலிங்கம் உண்மையாகவே யோசித்துப் பார்த்தான். "நான் எங்கடா வந்தேன்? என்னையத் தூக்கிக்கிட்டுல்ல வந்தாங்க."

அறிவித்தலில் உள்ளதை அழகர் விளக்கிச் சொல்ல, அம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. தன் பெருமை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது என்று அவளுக்கு மெல்லத்தான் விளங்கியது. அழகர் கொண்டுவந்த பிறப்புத் துண்டை வாங்கிப் பார்த்தாள். வாசிக்கச் சொன்னாள். வாசித்தான்.

"பேரு?"

"பேரு எழுதல."

"அப்ப அது ரெண்டு பேருக்கும் பொருந்துமில்ல." அவள் குரலில் கள்ளம் இல்லை. வேட்டியை மாற்றிக் கட்டிக்கொள்ளச் சொல்வதுபோல் சொன்னாள். "ஒனக்கு ஏழு வருஷ வேலை. ஒன்னைய இப்ப அனுப்ப மாட்டாங்க. அண்ணனுக்குக் குடுத்துடு."

அழகர் மனதுக்குள் கணக்குப் போட்டான். இப்போது அனுப்ப மாட்டார்கள், சரி. அடுத்த வருஷ அறிவித்தலில் என்ன எழுதியிருக்கும்? துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். முத்துலிங்கம் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

காலையில் இருவரும் சேர்ந்துதான் போனார்கள். வழி நெடுக அழகர் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான்: அண்ணனோடதுங்க ஐயா. அண்ணனோடதுங்க. ஆமர் வீதி கடந்தபோது அது சுலபமாகவே வந்தது. என்னுடையதைத் தேடுகிறார்கள், பிறகு கொண்டுவருகிறேன் என்பதையும் சேர்த்துக்கொண்டான். மனது லேசானது.

பட்டறைக் கந்தோர் ஜன்னலில் வரிசை நீண்டிருந்தது. கையில் எந்தத் துண்டும் இல்லாத மலையாளிகள் ஓரமாக நின்றார்கள். அவர்களில் ஒருவன் அழகரைக் கண்டு விலகி வழிவிட்டான்.

வின்சன்ற் துண்டை வாங்கி விரித்தார். "இது ஆரின்ர துண்டு?"

"என்னோடதுங்க ஐயா," என்றான் அழகர்.

சொன்னது தன் வாய்தானா என்று அவனுக்கே தெரியவில்லை. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. அண்ணன் அவன் தோளுக்குப் பின்னால்தான் நின்றான்.

"பேர் போடேல்லையே. நீதான் இந்தப் பிள்ளை எண்டதுக்கு ஆர் சாட்சி?"

அழகர் துண்டிலிருந்த அந்த வெறும் இடத்தைப் பார்த்தான்.

"நான் சாட்சிங்க ஐயா." முத்துலிங்கம் முன்னால் வந்தான். "இவன் பொறந்தன்னிக்கி நல்ல மழை. எனக்கு நாலு வயசு. என்னைய கோயிலடிக் கடைக்குச் சுக்கு வாங்க அனுப்பினாங்க. நனைஞ்சுக்கிட்டு வர்றேன், உள்ளுக்க இவன் அழுற சத்தம் கேக்குது. நல்லா ஞாபகம் இருக்கு."

"மூத்த ஆள் சொன்னால் சரி. இதிலை விரலை வை."

முத்துலிங்கம் வைத்தான்.

"இப்ப உன்ர துண்டைத் தா."

"எனக்கு இங்க இல்லீங்க. எங்க ஆத்தாவோட பொறந்த வீட்டுலதான் பொறந்தேன். அந்தப் பக்கம்."

வின்சன்ற் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அண்ணனைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "அழகர், அண்டைக்குக் கடையில இதை நீ சொல்லேல்லையே."

"தெரியாதுங்க ஐயா."

"இனி ஒண்டும் செய்யேலாது. துரை கையெழுத்து வைச்சிட்டார். பிறந்த இடம் மட்டும்தான்." கப்பல் டிக்கட்டுக்கான தாளை எடுத்து ஜன்னல் வழியாகத் தள்ளினார். முத்துலிங்கம் அதிலும் விரலை வைத்தான். வைத்துவிட்டுக் கேட்டான்:

"ஐயா, கப்பல விட்டு எறங்கினா எங்க போகணும்?"

"உன்ர இடத்துக்குத்தான்."

"அது எந்தப் பக்கம்ங்க?"

வின்சன்ற் அடுத்த ஆளை வரச் சொன்னார்.

பட்டறை முற்றத்தில் வெயில் ஏறியிருந்தது. முத்துலிங்கம் மை விரலைத் தலைமுடியில் துடைத்தான். அழகர் திரும்பக் கிடைத்த துண்டைக் கையில் பிடித்தபடி நின்றான். மடித்துப் பையில் வைக்கக்கூட அவனுக்குக் கை வரவில்லை.

"அழகரு," என்றான் முத்துலிங்கம், யாருக்கும் கேட்காத குரலில். "நீ குடுத்த, நான்தான் வேணாம்னுட்டேன். ஆத்தாகிட்ட அப்படியே சொல்லிக்கிறேன். நீ வாயைத் திறந்துடாத."

வேலை மணி அடித்தது. அன்று அரை நாள் வேலை மிச்சம் இருந்தது முத்துலிங்கத்துக்கு. சம்மட்டி இருக்கும் பக்கம் நடந்துபோனான்.