ரெண்டு கையிலும் வாட்ச்

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்த குளிர்பெட்டிமேல் கிடந்த மாலையைச் சரிசெய்துவிட்டுச் சஞ்சய் உள்ளறைக்கு வந்தபோது, அண்ணன் ஹரிஷ்குமார் பீரோவைத் திறந்து அப்பாவின் இரண்டு கடிகாரங்களையும் கட்டில்மேல் எடுத்து வைத்திருந்தான்.

"ஒமேகா நான் குடுத்தது, நான் எடுத்துக்கறேன். உன் ரோலெக்ஸை நீ எடுத்துக்கோ. அப்புறம் பேச்சு வரக்கூடாது," என்றான், தம்பியின் முகத்தைப் பார்க்காமல்.

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பிறகு அண்ணன் அவனிடம் பேசியது அதுதான் முதல்முறை. அன்று ஹரிஷ் துபாயிலிருந்து ஒமேகா வாங்கிவந்து, ஊரறிய அப்பாவின் இடது கையில் கட்டினான். அண்ணன் வாட்ச் வாங்குகிற செய்தி முன்பே காதில் விழுந்திருந்ததால் சஞ்சய் அதைவிட உசத்தியாக ரோலெக்ஸ் வாங்கிவந்து, அதே மேடையில் வலது கையில் கட்டினான். பந்தி எழுவதற்குள் சண்டை வந்துவிட்டது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா கணேசமூர்த்தி மட்டும் இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, "ரெண்டு பசங்க, ரெண்டு கை. சரியாப்போச்சு," என்று சிரித்தார். அவர் குடியிருந்த ஆஸ்டின் டவுனில் அவருக்கு அதன் பிறகு 'டபுள் வாட்ச்' என்றே பேர்.

"தாராளமா எடுத்துக்கோ," என்றான் சஞ்சய். "விக்கப்போனா தெரியும். ரோலெக்ஸுன்னா ஆளு காத்துக்கிட்டு நிப்பான்."

"பேருக்குத்தாண்டா அந்த விலை. என்னோடதுல பின்பக்கம் கண்ணாடி, மிஷின் ஓடறதே தெரியும். காந்தம் பக்கத்துல வெச்சாலும் ஒண்ணும் ஆகாது. முந்நூறு மீட்டர் தண்ணிக்குள்ள போகும்."

"பக்கெட் தண்ணிக்கே வாட்சைக் கழட்டி வெச்சிட்டுக் குளிச்ச மனுஷன் அவர். எந்தக் கடல்ல இறக்கலாம்னு இருந்தே?"

ஹரிஷின் தாடை இறுகியது. "அட்டைப்பெட்டி, கார்டு எல்லாம் பத்திரமா இருக்கா உன்கிட்ட? அது இல்லாம உன் ரோலெக்ஸை எவனும் தொடமாட்டான்." சொல்லிக்கொண்டே ஒமேகாவைக் கையில் எடுத்தவன் நெற்றியைச் சுருக்கினான். "ஓடுது."

சஞ்சய் ரோலெக்ஸைக் காதருகே கொண்டுபோனான். அதுவும் ஓடியது. மணியும் சரியாக இருந்தது.

இரண்டுமே கையசைவில் சாவி ஏறுகிற ஆட்டோமேட்டிக் கடிகாரங்கள். கழற்றி வைத்தால் இரண்டொரு நாளில் நின்றுவிடும். அப்பாவோ பக்கவாதம் வந்து தீபாவளியிலிருந்து படுத்த படுக்கை. வீங்கிய கையில் எதையும் கட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஹரிஷ் கடிகாரத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். பட்டையின் இடுக்குகளில் காய்ந்த மாவு. கொக்கியெங்கும் கீறல்.

துடைக்கத் துண்டு எடுக்க உள்ளே வந்த தங்கை சௌம்யாவை அவன் வழிமறித்தான். அம்மா போன பிறகு அப்பாவை வைத்துப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். "சௌமி, உன் வீட்டுக்காரர் கம்பெனிக்கு இதைக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சாரா?"

பொம்மசந்திரா ஃபாக்டரியில் வேலை பார்க்கும் அவள் கணவன் உமேஷ் அந்த நேரத்தில் மயானத்தில் நின்றுகொண்டிருந்தான், மாமனாரின் தகனத்துக்கு இடம் கேட்டு.

"கேக்கறார்ல, பதில் சொல்லு," என்றான் சஞ்சயும். "இவ்ளோ கீறல் விழுந்ததை எவன் வாங்குவான்?"

அத்தனை வருஷப் பகையில் அண்ணனும் தம்பியும் ஒரே பக்கம் நின்றது அந்த ஒரு நிமிஷம்தான். சௌம்யா துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

சில வீடுகளுக்குக் கடவுள் புத்தி சொல்ல ஆளனுப்புவதில்லை; காப்பி ஊற்ற ஒருத்தியை அனுப்புகிறார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி பிளாஸ்கோடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

"அந்தப் பொண்ணு வாயத் தொறக்காது. நான் சொல்றேன் கேளுங்கப்பா. உங்கப்பா காலைல கண்ணு முழிச்சதும் ரெண்டு வாட்சையும் காதாண்ட வெக்கச் சொல்வாரு. ஒருநாளு ஒண்ணு நின்னுபோச்சு. பெரியவனுக்கு என்னமோ ஆயிடுச்சின்னு ஒரே அழுகை. போன் பண்ணிக் கேக்கலாம்னா நீங்க எடுத்தாத்தானே? அன்னிலேருந்து இவ ரெண்டு கைலயும் கட்டிக்கினுதான் மாவு பெசைவா, துணி தொவைப்பா. 'கை ஆடினாத்தான் ஓடும் ஆன்ட்டி'ம்பா. ரெண்டும் ஓடுதுப்பா, ரெண்டு பேரும் நல்லாருக்காங்கன்னு இவ சொன்னப்புறம்தான் அந்த மனுஷன் ஒரு வாய் காப்பி குடிப்பாரு."

இரண்டு டம்ளரில் ஊற்றிக் கட்டில்மேல், கடிகாரங்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். "சூடு ஆறிடப்போவுது. குடிங்க."

பிறகு குளிப்பாட்டினார்கள், தூக்கினார்கள். பாடையின் முன்பக்கம் அண்ணன், பின்பக்கம் தம்பி. ஹரிஷ் கொள்ளி வைத்தான். திரும்பி வரும்போது இருவரும் வேறு வேறு ஆட்டோவில் ஏறினார்கள். கடிகாரங்கள் கட்டில்மேலேயே கிடந்தன.

பால் தெளித்ததற்கு மறுநாள் காலை சஞ்சய் எழுந்தபோது வீடு அசந்து கிடந்தது. பாயில் சௌம்யா ஒருக்களித்துத் தூங்கினாள். தலைக்கடியில் மடித்திருந்த இரண்டு கைகளிலும், மணிக்கட்டைச் சுற்றி, வெயில் படாத வெளுப்பு பட்டையாகத் தெரிந்தது. அவன் உள்ளறைக்குப் போய்க் கட்டில்மேல் இருந்தவற்றை ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்தான். ரோலெக்ஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் கொடுத்தது நின்றிருந்தது.

வீட்டின் பின்பக்கத்தில், வந்தவர்கள் போனவர்கள் சாப்பிட்ட தட்டுகளும் அண்டாக்களும் குவிந்து கிடந்தன. சஞ்சய் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நாரை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான்.

சத்தம் கேட்டு ஹரிஷ் வந்தான். அவன் கையில் குடித்து முடித்த காப்பி டம்ளர். சோப்பு நுரைக்குள் மேலும் கீழும் போய்வந்த தம்பியின் கையில் ஒமேகா கட்டியிருந்தது.

ஹரிஷ் டம்ளரை நீட்டினான்.

சஞ்சய் வாங்கிக்கொண்டான். ஒரு டம்ளருக்கு வேண்டியதைவிட ரொம்ப நேரம் அதைத் தேய்த்தான்.