ஒரு பலகை குறைந்தது

மாநாட்டு மண்டபங்களில் அவளுக்குக் ‘கஞ்ச மகாராணி’ என்று பெயர். அவள் ஏற்பாடு செய்யும் கூட்டத்தில் ஒரு காகிதக் கோப்பை கண்ணில் பட்டாலும் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாள். கழுத்தில் மாட்டும் பெயர்ப்பலகைகூடக் கறுப்பு மரச்சில்லுதான். கூட்டம் முடிந்ததும் திரும்ப வாங்கி வைத்து, அடுத்த கூட்டத்துக்கு முதல்நாள் ஈரத்துணியால் துடைத்து, சாக்பீஸால் புதுப் பெயர் எழுதவேண்டும். எழுதுவது தம்பியின் வேலை. முத்து முத்தான கையெழுத்து.

தம்பி இறந்து இரண்டு மாதமாகிறது. நாளைய கூட்டத்துக்காக இன்று பெட்டியைத் திறந்தாள். இருநூறு பலகையிலும் அவன் எழுத்து. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் துடைத்தாள். அடியில் கிடந்தது அவளுடையது. பெயருக்குப் பதிலாக, ‘எங்க அக்கா. கிட்ட வந்தா கடிக்கும்’ என்று எழுதியிருந்தான்.

மதியம் உதவியாளர் பெண் எண்ணிப் பார்த்துவிட்டு வந்தாள். “மேடம், ஒரு பலகை குறையுது. பழைய அட்டையில வெட்டிக்கட்டுமா?”

“வேணாம். கடையில புதுசா ஒண்ணு வாங்கிட்டு வா.”

அந்தப் பெண்ணுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “புதுசாவா? நீங்களா மேடம் சொல்றீங்க?”

“சொன்னதைச் செய், போ!”

சீறினாளே தவிர, கைப்பைக்குள் அவள் விரல்கள் தம்பி எழுதிய அந்தப் பலகையை ஓரத்தில் மட்டுமே பிடித்திருந்தன. வியர்வை பட்டால் எழுத்து அழிந்துவிடும்.