உருவியெடுத்த கடைசி அத்தியாயம்

"தேத்தண்ணி ஆறுது, நீ குடி" என்று ஞானமணி அந்தப் புதுப் பெண்ணிடம் சொன்ன பின்னேரத்தில்தான் ஸுல்பிகாவின் நெஞ்சுக்குள் முதல் பொறி விழுந்தது. மற்றவர்கள் காதில் அது சாதாரண உபசாரம். ஸுல்பிகாவுக்கோ அந்த "நீ" கிடைக்க மூன்று வருசம் பிடித்திருந்தது. அதுவரை "நீங்கள்", "உங்கட" என்று எட்ட நின்றே பேசியவள் ஞானமணி. இந்தப் புதுப் பெண் டிலக்சனாவோ வெருகல் ஊரில் இருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை.

ஸுல்பிகா கிண்ணியாக்காரி. திருகோணமலை டவுனில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் தையல் கடை வைத்திருந்தாள். ஞானமணி அங்கே சட்டை தைக்கக் கொடுக்க வந்த சரித்திர டீச்சர். மெசினுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த துப்பறியும் நாவலைக் கண்டு, கொலைகாரன் யார் என்று கேட்டாள். சொன்னால் நீங்கள் வாசிக்க மாட்டீர்கள் என்றாள் ஸுல்பிகா. அடுத்த கிழமை ஞானமணி அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் போனாள். அப்படித் தொடங்கியதுதான்.

பதினைந்து வருசத்துக்கு மேலாக, ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் உட்துறைமுகத்தைப் பார்த்த ஞானமணியின் வாசல் விறாந்தையில் உட்கார்ந்து பேச இரண்டு கதிரைகள் போடப்பட்டன. ஞானமணி கலியாணம் கட்டாதவள். சம்பளத்தில் பாதி புத்தகத்துக்கே போகும். கொழும்பிலிருந்து நாவல் வந்ததும் முதலில் ஸுல்பிகாவிடம்தான் போகும். அவள் வாசித்து, முடிவை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, திருப்பிக் கொடுப்பாள். ஞானமணியும் வாசித்த பிறகுதான் பேச்சு. துப்பறியும் கதை என்றால் ஸுல்பிகாவின் ராச்சியம். பாதிப் புத்தகத்திலேயே குற்றவாளியின் வாலைப் பிடித்துவிடுவாள். சரித்திர நாவலில் ஞானமணி பேச, இவள் கேட்பாள். குடும்ப நாவல் என்றால் இரண்டு பேரும் அழுவார்கள், பிறகு மருமகள் பக்கம் நியாயமா மாமி பக்கம் நியாயமா என்று சண்டை பிடிப்பார்கள். ஸுல்பிகாவின் புருசன் அஷ்ரப் ஓட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி ஹோர்ன் அடிக்கும் வரைக்கும் அந்தச் சண்டை ஓயாது. மனிசியின் இந்தப் பைத்தியத்தை அவர் ஒருநாளும் தடுத்ததில்லை.

இப்போது விறாந்தையில் மூன்றாவது கதிரை. ஞானமணியின் பள்ளிக்கூடத்துக்குத் தமிழ் படிப்பிக்க வந்தவள் டிலக்சனா. முப்பது வயதைத் தாண்டியவள். மெல்லிய குரல், வேகமான வாசிப்பு. விறாந்தைக்கு வந்த முதல் நாள், அந்தத் தேத்தண்ணிப் பின்னேரத்தில், பேசியது ஒரு சரித்திர நாவலைப் பற்றி. கோட்டையை முற்றுகையிட்ட அந்நியப் படை, கரையில் எரியும் கப்பல், தளபதியைக் காதலித்த தோணிக்காரன் மகள். ஸுல்பிகா அந்தக் கப்பல் எரிகிற இடத்தில் விம்மி விம்மி அழுதிருந்தாள். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் டிலக்சனா சொன்னாள்:

"அறுநூறு பக்கத்தில ஒரு அடுப்பும் எரியேல்ல, டீச்சர். அவ்வளவு பட்டாளத்துக்கும் ஆர் சமைச்சது?"

ஞானமணி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டு, இருபது வருசமாகச் சரித்திரம் படிப்பிக்கிறேன், எனக்கு இது படவில்லையே என்றாள். அன்று முழுக்க அந்த ஒரு வசனத்தையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். ஸுல்பிகா தன் கண்ணீரை யாரிடமும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ஓட்டோவில் அஷ்ரப், புதுப் பிள்ளை எப்படி என்று கேட்டார். கெட்டிக்காரிதான் என்றாள். அந்தச் சொல் வேப்பங்கொழுந்தாய்க் கசந்தது.

அதன் பிறகு எல்லாமே கண்ணில் குத்தியது. பள்ளிக்கூடத்தில் தினமும் காணுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் காண வேண்டுமா? ஞானமணி அவளுக்குச் சம்பல் கட்டிக் கொடுக்கிறாள். குசினிக்குள் போய்த் தானே தேத்தண்ணி போடும் உரிமையை டிலக்சனா கேட்காமலே எடுத்துக்கொள்கிறாள். ஸுல்பிகா சொல்ல வரும் கருத்தை அவள் ஏற்கனவே அழகாகச் சொல்லி முடித்திருக்கிறாள். அவளில் ஒரு குறையாவது இருந்தால் மனம் ஆறியிருக்கும். அவளோ ஸுல்பிகாவை "அக்கா, அக்கா" என்று வாய் நிறைய அழைத்தாள். பிடிக்காதவள் நல்லவளாகவும் இருந்துவிட்டால் அதைப்போல ஆக்கினை வேறில்லை.

அடுத்து வந்தது ஒரு துப்பறியும் நாவல். ஞானமணி கட்டைப் பிரித்து, வழக்கம்போல ஸுல்பிகாவிடமே நீட்டினாள். நீட்டும்போது ஒன்று சொன்னாள்: "கெதியா வாசிச்சு முடி. டிலக்சனா காத்துக்கொண்டிருக்கிறா. நான் அவக்குப் பிறகு வாசிக்கிறன்."

தன் கையிலிருந்து ஞானமணியின் கைக்கு நேரே போன புத்தகம், இனி டிலக்சனாவின் கையைத் தொட்டுவிட்டுத்தான் போகும்.

நல்ல கதை. மலைநாட்டுப் பங்களா ஒன்றில் வயதான டொக்டர் செத்துக் கிடக்கிறார். வீட்டில் ஐந்து உறவுக்காரர். எல்லோருக்கும் அவர்மேல் காரணம் இருக்கிறது. கடைசிக்கு முந்திய அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர் ஐந்து பேரையும் ஒரே அறையில் இருத்தி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு மழையில் இறங்கி நடக்கிறார். கடைசி அத்தியாயத்தில்தான் பூனைபோல நடமாடிய சின்ன மருமகள் பிடிபடுகிறாள். ஸுல்பிகா அவளைப் பாதியிலேயே பிடித்துவிட்டாள். ஆனால் டிலக்சனா கால்வாசியிலேயே பிடிப்பாள் என்று அவள் மனம் சொன்னது. பிடித்துவிட்டு, அந்த மெல்லிய குரலில் யாருக்கும் தோன்றாத ஒன்றைச் சொல்லுவாள். ஞானமணி சிரிப்பாள்.

புத்தகம் நூலால் தைத்துக் கட்டியது. கடைசி அத்தியாயம் தனிக் கட்டாக, முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கடையில் ஆள் இல்லாத மத்தியானம், தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்து நூலை ஒரு இடத்தில் அறுத்தாள். கட்டு முழுதாகக் கையோடு வந்தது. பின்னட்டையைப் பசை வைத்து ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் மெல்ல அழுத்தினாள். இப்படி ஒரு அத்தியாயம் இருந்ததென்று யாராலும் சொல்ல ஏலாது. உருவிய பக்கங்களை லைனிங் துணிக்குக் கீழே ஒளித்து வைத்தாள். டிலக்சனா முடிவு தெரியாமல் திண்டாடித் தன்னிடம் வந்து நிற்பதை நினைக்க நினைக்க இனித்தது. தானே பெருந்தன்மையோடு முடிவை எடுத்துச் சொல்வாள். ஞானமணி தன் பக்கம் திரும்பிப் பார்ப்பாள்.

நடந்தது வேறு. டிலக்சனா ஒன்றும் கேட்கவில்லை. வாசித்துவிட்டு ஞானமணியிடம் கொடுத்தாள். ஞானமணியும் வாசித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஸுல்பிகா போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரும் ஏற்கனவே பேசிக்கொண்டிருந்தார்கள். ஞானமணியின் கண் சிவந்திருந்தது.

இப்படி ஒரு துப்பறியும் கதை தமிழில் வந்ததில்லை என்றாள் டிலக்சனா. கொன்றது யாரென்று எழுதியவர் கடைசிவரை சொல்லாமலே விட்டுவிட்டாரே. இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்திவிட்டு மழைக்குள் போய்விட்டாரே. இந்த நாட்டில் எத்தனை வீட்டில் அப்படிக் கதவு சாத்திக் கிடக்கிறது என்றாள். ஸுல்பிகாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு ஞானமணியைப் பார்த்தாள். ஞானமணி சிரிக்கிற நிலையில் இல்லை.

"அண்ணனைப் பற்றி நேற்று இவளிட்டச் சொல்லிப்போட்டன், ஸுல்பிகா" என்றாள். "இந்தப் புத்தகம் சொல்ல வைச்சுப்போட்டுது."

ஞானமணிக்கு ஒரு தமையன் இருந்ததென்பதும், தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு அவன் இல்லை என்பதும் மட்டும்தான் ஸுல்பிகாவுக்குத் தெரியும். ஒருமுறை கேட்டபோது "அண்ணன் இல்லை" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டாள். அந்த மௌனத்தை ஸுல்பிகா பொன்னைப்போலக் காத்து வந்தாள். தனக்கே சொல்லாதது வேறு யாருக்குத்தான் சொல்லப்படும் என்ற நம்பிக்கை அவளுக்கு. அதை, நேற்று வந்தவளிடம் சொல்லியாகிவிட்டது. அதுவும் தான் கத்தி வைத்த புத்தகத்தால்.

"அது அப்படி முடியேல்ல" என்றாள் ஸுல்பிகா. தன் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "கொலை செய்தது சின்ன மருமகள். கடைசி அத்தியாயத்தில இருக்கு. அது என்னட்டத்தான் இருக்கு. நான்தான் பிரிச்சு எடுத்தனான்."

சொன்ன பிறகுதான் சொன்னது விளங்கியது. டிலக்சனா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். ஞானமணி ஏன் என்று கேட்டாள். ஸுல்பிகாவிடம் பதில் இருந்தது. ஆனால் நாற்பத்தெட்டு வயதில் வாயால் சொல்லக்கூடிய பதிலா அது? ஞானமணி எழும்பி உள்ளே போனாள். திரும்பி வரவில்லை. அன்று ஸுல்பிகா ஓட்டோவுக்குக் காத்திராமல் நடந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள்.

அடுத்த ஞாயிறு போகவில்லை. அதற்கு அடுத்ததும் போகவில்லை. ஞானமணியிடமிருந்து ஒரு போன் கோலும் இல்லை. வீட்டில் ஸுல்பிகா பாத்திரத்தை உடைத்தாள், மகளை ஏசினாள். அஷ்ரப் காரணத்தைக் கேட்டறிந்துவிட்டு, கலியாணம் கட்டின நாளிலிருந்து என்மேல் உனக்கு இப்படி ஒருநாள்கூடப் பொறாமை வரவில்லையே என்று பெருமூச்சு விட்டார். அவள் சிரிக்கவில்லை.

ஒரு மத்தியானம் கடை வாசலில் டிலக்சனா நின்றாள். சட்டை தைக்க வரவில்லை. அந்தப் பக்கங்களைத் தருவீர்களா, முடிவு தெரியாமல் நித்திரை வரவில்லை என்றாள். ஸுல்பிகா லைனிங் துணிக்குக் கீழிருந்து எடுத்துக் கொடுத்தாள். துணி வெட்டும் மேசையில் சாய்ந்து நின்றபடியே அவள் முழுவதையும் வாசித்து முடித்து, பக்கங்களை மேசையில் வைத்தாள்.

"நான் மூத்த மகன் எண்டுதான் நினைச்சனான்" என்றாள். "நீங்கள் எங்க பிடிச்சனீங்கள், அக்கா?"

பாதியில் என்றாள் ஸுல்பிகா. எப்படியென்று டிலக்சனா கேட்க, டொக்டரின் மூக்குக்கண்ணாடி இருக்கும் இடம் அந்த ஒருத்திக்கு மட்டும்தானே தெரிந்திருந்தது என்று விளக்கினாள். டிலக்சனா உண்மையாகவே அசந்துபோனாள். ஸுல்பிகாவுக்கு மனம் கொஞ்சம் குளிர்ந்தது. குளிர்ந்ததற்காகவே தன்மேல் கோபமும் வந்தது. நான் செய்த வேலைக்கு உனக்கு ஆத்திரம் இல்லையா என்று கேட்டாள். இருந்தது என்றாள் டிலக்சனா. பிறகு, போகத் திரும்பியவள், நின்று சொன்னாள்:

"டீச்சர்ட அண்ணன் கடைசியா லோஞ்சுப் படகில மூதூருக்குப் போனவராம். ஒரு முஸ்லிம் கூட்டாளியப் பார்க்க. அதுக்குப் பிறகு ரெண்டு பேரையும் காணேல்லையாம். ஆர் பிடிச்சது எண்டு இண்டைக்கும் தெரியாதாம். உங்களுக்குச் சொன்னா, உங்கட முஸ்லிம் ஆக்களக் குற்றம் சொல்லுறா எண்டு நீங்கள் நினைச்சிருவீங்களோ எண்டு பயமாம். உங்கள இழக்க அவக்கு ஏலாதாம். என்னைப்பற்றி அந்தப் பயம் இல்லை, அக்கா. அதாலதான் எனக்குச் சொன்னவ."

அவள் போய்விட்டாள். ஸுல்பிகா மெசினுக்கு முன்னால் இருந்து அழுதாள். தான் இழக்க ஏலாதவள் என்பதைக் கேட்டது சந்தோசம்தான். ஆனால் அந்தச் சந்தோசத்தையும் ஞானமணியின் வாயால் கேட்காமல் இவள் வாயால் அல்லவா கேட்க வேண்டியிருந்தது. அழுகையின் நடுவிலும் அது முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது.

அன்றே கடையைப் பூட்டிவிட்டு ஞானமணி வீட்டுக்குப் போனாள். வேலை நாள், விறாந்தையில் கதிரை ஒன்றும் இல்லை. ஞானமணி பள்ளிக்கூடச் சேலையோடே வந்து கதவைத் திறந்தாள். ஸுல்பிகா பக்கங்களை நீட்டினாள். தைத்துத் தருவதாகச் சொன்னாள். வெட்டியதே தெரியாது என்றாள். ஞானமணி வாங்கவில்லை.

"எனக்கு அது வேண்டாம். கதை மழையோட நிக்கட்டும்."

உள்ளே வரச் சொன்னாள். இரண்டு பேரும் குசினி மேசையில் எதிரெதிரே இருந்தார்கள். நீ செய்தது சின்னத்தனம் என்று ஞானமணி நேருக்கு நேரே சொன்னாள். ஓம் என்றாள் ஸுல்பிகா. எனக்கு அவளைப் பிடிக்கவில்லை, நீங்கள் அவளை "நீ" என்று சொன்ன நாளிலிருந்து பிடிக்கவில்லை என்றும் சொல்லிவிட்டாள். ஞானமணி புரியாமல் விழித்தாள். எப்போது அப்படிச் சொன்னோம் என்பதே அவளுக்கு ஞாபகத்தில் இல்லை.

பிறகு, கேட்காமலே, தமையனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். சின்னராசா என்று பெயர். போகிற அன்று தங்கச்சியின் குடையைத் தூக்கிக்கொண்டு போனானாம். பள்ளிக்கூடத்துக்கு நான் எப்படிப் போகிறதென்று இவள் படலை வாசல் வரைக்கும் ஏசிக்கொண்டு போனாளாம். மூதூர்க் கூட்டாளியின் பெயர் முனாப். அவனுடைய உம்மா, மௌத்தாகிக் கண் மூடும் வரைக்கும் ஒவ்வொரு வருசமும் லோஞ்சேறி வந்து இவளுடைய அம்மாவோடு இருந்து அழுதுவிட்டுப் போவாராம். ஸுல்பிகா ஞானமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். உங்களுக்கு நான் அப்படியா தெரிந்தேன் என்று கேட்க நினைத்தாள். கேட்டதோ வேறு.

"இந்தக் குடைக் கதை, அவக்கும் சொன்னனீங்களா?"

ஞானமணி அவளை உற்றுப் பார்த்தாள். பொய் சொல்லியிருக்கலாம், ஒரு பொய்யில் ஸுல்பிகாவின் மனம் நிறைந்திருக்கும்.

"ஓம். சொன்னனான்."

ஸுல்பிகாவுக்குக் கையை விட்டுவிட்டு எழும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. விடவில்லை.

"சரி" என்றாள். "பிறகு? சொல்லுங்க."

ஞானமணி சொல்லத் தொடங்கினாள்.