என் பேரில் ஒரு துப்பாக்கி

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் என் கணவர் டென்சில் சாப்பாட்டு மேசையில் பழைய வேட்டியை விரிப்பார். அலமாரியைத் திறந்து மூன்று இரட்டைக் குழல் துப்பாக்கிகளையும் எடுத்து வரிசையாக வைப்பார். குழலைக் கழற்றி, இரும்புக் கம்பியில் ஃபிளானல் துணியைச் சுற்றி உள்ளே விட்டு இழுப்பார். துப்பாக்கியின் வால்நட் மரக் கட்டையில் ஆளிவிதை எண்ணெய் மூன்று சொட்டு விட்டு, உள்ளங்கை சூடேறும்வரை தேய்ப்பார். கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதைப் போல இருக்கும். எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்தக் குறை அவருக்குத் தெரிந்ததே இல்லை.

மூன்றில் பெரியவருக்கு வயது நூற்றுப் பத்து. இங்கிலாந்தில் செய்து, குடகில் ஒரு காபி எஸ்டேட்காரர் வீட்டில் கிடந்து, எங்களிடம் வந்து சேர்ந்தது. பக்கத் தகட்டில் இரண்டு கௌதாரிகளைச் செதுக்கியிருப்பார்கள், இறகுகளை எண்ணலாம். விரல் பட்டால் வியர்வையில் துரு பிடித்துவிடும் என்பார். ஒருமுறை தெரியாமல் தொட்டேன். கன்னத்தில் அவருடைய ஐந்து விரலும் பதிந்தன. மறுநாள், நான் கணக்கு சொல்லித்தரும் பள்ளியில், பல்வலி என்று சொன்னேன்.

ஆளுக்கு இரண்டு துப்பாக்கிதான் என்று சட்டம் வந்தபோது மனிதர் நாலு நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார். பெற்ற தாய் செத்த அன்று மத்தியானம் பிரியாணி கேட்டவர் இவர். ஐந்தாம் நாள் எழுந்து குளித்து, என் ஆதார் கார்டைக் கேட்டார். எனக்கு லைசென்ஸ் வாங்கி, கௌதாரித் துப்பாக்கியை என் பேருக்கு மாற்றுவது என்று முடிவாகியிருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை.

விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் நல்ல மனிதர். "உங்களுக்கு எதுக்கு மேடம் கன்னு?" என்றார்.

"தற்காப்புக்கு" என்றேன், சொல்லிக்கொடுத்தபடி. யாரிடமிருந்து என்று அவர் கேட்கவில்லை. அன்று நான் பவுடரைக் கொஞ்சம் தூக்கலாகவே போட்டிருந்தேன்.

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. போன ஜூன் மாதம் கோலார் தங்கவயலில் என் தங்கச்சி விஜி தன் பள்ளியில் எனக்கு ஒரு கணக்கு டீச்சர் வேலை பார்த்து வைத்தாள். ஒரு ஞாயிறு மத்தியானம் பெட்டியோடு ஹாலுக்கு வந்து நின்றேன்.

"நான் விஜி வீட்டுக்குப் போறேன். இனிமே வரமாட்டேன்."

டென்சில் நிமிரவில்லை. கம்பியை இழுத்துக்கொண்டே, "போ. யாரு புடிச்சாங்க?" என்றார். இருபத்தாறு வருடக் கல்யாணம் அவ்வளவு லேசாக முடிந்துவிட்டதே என்று எனக்கே ஆச்சரியம். கதவுப் பக்கம் போய்விட்டேன். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"ஏய், இரு. நீ போய்ட்டா இது?"

"எது?"

"உன் பேர்ல இருக்குது டி! நீ இல்லாத வூட்ல இத வெக்க முடியாது. போலீஸ் தூக்கினு போய்டுவாங்க. ஸ்டேஷன்ல ஒரு மழ பாத்தா போதும், துரு ஏறிடும்."

"ஏறட்டும்."

அதைச் சொன்னது நான்தானா என்று இன்றைக்கும் சந்தேகமாக இருக்கிறது. அவர் எழுந்து வந்து கதவைப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திரும்பிப் போய் அந்தக் கம்பியை எடுத்து வந்தார்.

முதல் அடி முதுகில். இரண்டாவது தொடையில். மூன்றாவதை இடது கையால் தடுத்தேன். மணிக்கட்டில் சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. நான் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தேன். அவர் கம்பி வளைந்துவிட்டதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் பயம் விட்டுப்போனது. அதன் இடத்தில் வந்தது வெறும் ஆத்திரம்.

கௌதாரித் துப்பாக்கியைத் துடைத்து, குழலைத் திரும்ப மாட்டி மேசையில் வைத்திருந்தார். வலது கையில் அதைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடினேன். எங்களுடையது மூன்றாவது மாடி. பழைய கட்டடம், தொடை உயரத்துக்கு இரும்புக் கம்பித் தடுப்பு, கீழே கருங்கல் தரை. துப்பாக்கியைத் தடுப்புக்கு வெளியே நீட்டினேன்.

"சாவி" என்றேன்.

டென்சில் மண்டியிட்டார். சர்ச்சில்கூட முட்டிவலி என்று உட்கார்ந்தே ஜெபிக்கிறவர்.

"வேணாம்மா. செல்லம், உள்ள வா. கை வழுக்கிடும்." செல்லம் என்றது என்னையா அதையா, தெரியவில்லை.

"சாவியத் தூக்கிப் போடுங்க."

பைக்குள் கையை விட்டார். அந்த நேரம் பார்த்து எண்ணெய்ப் பிசுக்கில் கட்டை என் கையிலிருந்து ஒரு விரற்கடை நழுவியது. அவ்வளவுதான், பாய்ந்தார். என் மேல் பாயவில்லை. வயிறு தடுப்பில் மோத, இரண்டு கையாலும் குழலைப் பிடித்தார். கால் இரண்டும் தரையை விட்டு எழும்பின. மனிதர் அந்தப் பக்கம் போய்விட்டார்.

எட்டிப் பார்த்தேன். இடது கையால் தடுப்பின் அடிக்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். வலது கையில் துப்பாக்கி. சுவரில் இடிக்காமல் அதைத் தள்ளிப் பிடித்திருந்தார்.

"அத விடுங்க! ரெண்டு கையாலயும் புடிங்க!" என்று கத்தினேன். நிஜமாகவே காப்பாற்றத்தான் நினைத்தேன். வலது கையை நீட்டினேன். இடது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

"மொதல்ல இத வாங்கு."

"உள்ள வீசுங்க!"

"லூசா டி நீ? வீசுனா கட்ட ஒடஞ்சிடும். கையில வாங்கு, மெதுவா."

"எனக்கு ஒரு கைதான் இருக்கு, டென்சில்."

தொங்கிக்கொண்டிருந்த என் இடது மணிக்கட்டைப் பார்த்தார். அது அதற்குள் வீங்கிக் கறுத்திருந்தது. அவருடைய விரல்களும் கம்பியில் வெளுத்துக்கொண்டிருந்தன. ஒரு விரல் விட்டது.

"சொன்னதச் செய் டி" என்றார்.

குனிந்து, கட்டைப் பக்கமாகப் பிடித்து வாங்கினேன். அதை அப்படியே பின்னால் எறிந்துவிட்டு அவர் கையைப் பிடித்திருக்கலாம். நேரம் இருந்தது. போலீஸ் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறைத்திருக்க மாட்டேன். நான் முதலில் முட்டி போட்டேன். துப்பாக்கியைத் தரையில் மெதுவாக, கௌதாரி மேலே பார்க்கும்படி, ஒரு கீறலும் விழாமல் படுக்கவைத்தேன். எண்ணெய்ப் பிசுக்கான வலது கையாலும் கம்பியைப் பற்றி எம்பி, கம்பிகளுக்கு நடுவே டென்சில் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பிறகு நான் கையை நீட்டியபோது அங்கே யாரும் இல்லை.