நீலத் தொட்டிக்குக் காவல்

மனித குலம் இதுவரை கண்ட மோசடிகளிலேயே மிகப் பெரியது எங்கள் பல்கலைக்கழக விடுதியின் கீழ்த்தள வராந்தாவில் நிற்கும் மூன்று குப்பைத் தொட்டிகள்தான். இதை நான் சொல்லவில்லை, என் அறைத்தோழன் சொன்னான். எதைச் சொன்னாலும் ‘ஆதாரம் இருக்கு’ என்று முடிப்பதால் அவனுக்கு ஆதாரம் என்றே பெயர். அந்த ஆதாரத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

“நீலத்துல பேப்பர், மஞ்சள்ல பிளாஸ்டிக், கறுப்புல மிச்சம்னு நம்மள பிரிக்க வெச்சிட்டு, லாரில எல்லாத்தையும் ஒண்ணா கொட்டுறாங்கடா. குப்பைக்கெல்லாம் ரூம் ஒதுக்குறாங்க, கூத்து!”

இந்தக் கூத்தை நடத்துபவள் அவனுடைய சொந்த அக்கா. ஆராய்ச்சி மாணவி. விடுதியின் குப்பைப் பிரிப்புக்கு அவள்தான் பொறுப்பு. அந்தப் பொறுப்புக்காகத்தான் அவளுக்குக் கீழ்த்தளத்தில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். நீலத் தொட்டியின் பை நனைந்திருக்கிறது என்று குப்பைக் கிடங்கிலிருந்து இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு முறை திரும்பினால் பொறுப்பும் போகும், அறையும் போகும்.

“யாரோ வேணும்னே பண்றாங்கடா,” என்றாள் அக்கா.

ஆதாரம் தொட்டியை ஏசுவான், அக்காவை அழவிட மாட்டான். லாரி வரும் நாளன்று காலையிலேயே தொட்டிகளுக்கு எதிரே இருந்த காபி இயந்திரத்துக்குப் பின்னால் நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டான். துணைக்கு நான்.

வேதியியல்காரன் வந்து நீலத் தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தான். போய்விட்டு மறுபடி வந்தான்.

“நோட்டம் விடுறான் பாரு.”

தான் கசக்கி எறிந்த விடைத்தாளைத் தேடியெடுத்து, நீவிக்கொண்டே போனான் வேதியியல்காரன்.

“தடயத்தை அழிக்கிறான்!”

தரை துடைக்கும் பெரியவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

“சிரிக்கிறார்னா உள்ள ஏதோ இருக்கு.”

திரும்பும்போது அவர் சிரிக்கவில்லை.

“இப்ப ஏன் சிரிக்கல?”

கொஞ்ச நேரத்தில் என்னையே ஒரு மாதிரி பார்த்தான். “நீ ஏன்டா என் கூடவே உக்காந்திருக்க?”

“நீதானடா கூப்பிட்ட?”

“கூப்பிட்டா உடனே வந்துடுவியா?”

சந்தேகப்படுவது தொண்டை வறளும் வேலை. காபிக்கு மேல் காபியாகக் குடித்தான். ஒவ்வொரு முறையும் அடியில் தேங்கிய காபியோடு கப்பைக் கசக்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வழக்கம்போல நீலத்தில் போட்டான். பேப்பர் கப், ஆகவே பேப்பர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மதியம் அக்கா வந்து மூடியைத் திறந்தாள். மேலே கிடந்த தாள்களெல்லாம் பழுப்பாக ஊறியிருந்தன.

“ஒருத்தனையும் கிட்ட விடலக்கா! அந்த வேதியியல்காரன் மட்டும்...”

அக்கா ஒரு கப்பை எடுத்துக் கிழித்தாள். உள்பக்கத்திலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் தோலை உரித்து அவன் மூக்குக்கு நேரே பிடித்தாள். காபி அவன் செருப்பில் சொட்டியது.

“தினமும் இதுலதான் போடுறியா?”

“பேப்பர் கப்புனுதானேக்கா பேரு...”

கிழிந்த கப்பை அவன் கையில் திணித்துவிட்டு அக்கா அறைக்குள் போனாள். கட்டிலுக்கடியிலிருந்து பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது.

ஆதாரம் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

அவன் நீலப் பையை வராந்தாவில் கவிழ்த்து மண்டியிட்டான். கப்புகளும் நனைந்த தாள்களும் கறுப்புக்கு, காய்ந்தவை புதுப் பைக்கு. சந்தேகம் வந்தால் தாளைக் கன்னத்தில் வைத்து ஈரம் பார்த்தான். வாசலில் லாரி ஹாரன் அடித்தது. ‘போய் டிரைவர்கிட்ட பேச்சுக் கொடு’ என்று எனக்கு ஜாடை காட்டிவிட்டு, அடுத்த தாளை எடுத்துக் கன்னத்தில் வைத்தான்.